தனுஷ்கோடி மணற்கரை

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வரும் கோடை விடுமுறையில் நம் சங்கக் குடும்பங்கள் ஒன்றுகூடி இராமேசுவரம் சென்று வருவதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. புறப்படுமுன் அவ்வூரைப் பற்றி அனைவரும் சிறிது அறிந்துகொள்வது நலம் என்று கருதி, இன்று என்னைப் பேசுமாறு பணித்துள்ளார்கள். இராமநாத சுவாமி கோயிலின் பெருமையையும் இருபத்திரண்டு தீர்த்தங்களின் சிறப்பையும் என்னினும் நன்கறிந்த பெரியோர் இவ்வவையில் பலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் கோயிலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆதலின் தீவின் கிழக்குக் கோடியில் நீண்டு கிடக்கும் மணற்கரையைப் பற்றியே பேச எண்ணுகிறேன். நம் பயணத் திட்டத்தில் 'தனுஷ்கோடி: அரைமணி நேரம்' என்று எழுதியிருப்பதைக் கண்டேன். கால அட்டவணைகளோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன். அந்த அரைமணி போதாது. ஏன் போதாது என்பதை எடுத்துரைப்பதே இன்றைய என் வேலை.

நம் பிள்ளைகளில் பலர் கடல் மட்டத்திற்கு 900 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்கிறவர்கள். அவர்கள் கண்ட பெரிய நீர்ப்பரப்பு அல்சூர் ஏரியேயாகும். கடலைக் கண்டவர்களும் சென்னையில் ஒரு பக்கத்துக் கடலைத்தான் கண்டிருப்பார்கள். தனுஷ்கோடியிலோ இரு பக்கமும் கடல்! பாம்பன் தீவு மேற்கே அகன்று, கிழக்கே செல்லச் செல்லக் குறுகி, முடிவில் விரல் போன்றதொரு மணல் முனையாக நீண்டு விடுகிறது. அம்முனைக்கு அரிச்சல்முனை என்று பெயர். வடபுறம் இருப்பது பாக்கு நீரிணைப் பகுதியைச் சேர்ந்த கடல். தென்புறம் இருப்பது மன்னார் வளைகுடா. வடகடல் பெரும்பாலும் குளம் போல் அடங்கிக் கிடக்கும். தென்கடல் ஓயாது மோதும். ஆகவே மீனவர் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அழைக்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்களில் அப்பெண் கடல் கொள்ளும் சினத்தைக் கண்டவர்கள் அந்தப் பெயரை மறுபடியும் ஆராய வேண்டியிருக்கும். அதனைப் பின்னர்க் கூறுவேன். நம் புராணங்கள் இவ்விரு கடல்களுக்கும் மகோததி, இரத்தினாகரம் என்று பெயரிட்டு, அவை கூடுமிடத்தில் நீராடுவதே சேது நீராடல் என்று விதித்தன. காசிக்குச் செல்பவர் இங்கிருந்து சேது மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் சேர்த்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்விப்பது இன்றும் நிகழ்ந்து வரும் வழக்கம். கோயில் வாசலில் உள்ள அக்கினி தீர்த்தத்தில் மூழ்கியெழுந்தவுடன் யாத்திரை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். முன்னோர் அவ்வாறு நினைக்கவில்லை.

அந்த மணலைப் பற்றி இரண்டொரு சொற்கள். அது வெற்று மணலன்று. உருண்டையான முட்தலைகளை உடைய ஒரு வகைப் புல் அங்கே படர்ந்து கிடக்கும். காற்றடித்தால் அத்தலைகள் அறுந்து மணலின்மேல் சக்கரம் போல் உருண்டோடும். இராவணன் மீசை என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். நம் பிள்ளைகளுக்கு அதன்பின் ஓடுவதற்கே அரைமணி வேண்டும்! ஊதா நிறப் பூக்களை உடைய அடும்பங்கொடியும் உண்டு. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோது மறவாத கொடி அது. இவ்விரண்டும் தம் வேர்களால் மணலைக் கட்டிப் பிடித்துக் கொண்டிருப்பதால்தான் காற்று அதனை முழுவதும் வாரிச் செல்லாமல் இருக்கிறது. இன்னொரு வியப்பையும் சொல்லுகிறேன். இருபுறமும் உப்புக் கடல் சூழ்ந்த அம்மணலில் சில அடி ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழை நீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீரினும் இலேசானதாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அங்குள்ள பெண்கள் குழி தோண்டி, ஊற்று நீரைச் சிறிது சிறிதாக முகந்து குடத்தில் நிரப்புவார்கள். ஆழமாகத் தோண்டினாலும் அவசரமாக இறைத்தாலும் உப்பு மேலே வந்துவிடும். காவேரித் தண்ணீர் ஒரு நாள் வரவில்லையென்றால் நம் காலனியில் எழும் கூக்குரலை நினைத்துப் பார்க்கிறேன்.

இனி, ரயிலுக்கு வருகிறேன். எந்த ஊருக்குச் சென்றாலும் இவன் கடைசியில் ரயிலுக்குத்தான் வருவான் என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அது என் குற்றமன்று. அவ்வூரைச் சிறப்புறச் செய்ததே இருப்புப்பாதைதான்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடைய அப்பாலத்தின் நடுவே, கப்பல் செல்வதற்காக இரு கைகளைப் போல் மேலெழும் பகுதி ஒன்று இருந்தது. ஆட்கள் கையால் சுழற்றியே அதைத் தூக்கினார்கள். பாலம் வந்த பின்னர், சென்னை எழும்பூரில் புறப்பட்ட வண்டி கடலைக் கடந்து தனுஷ்கோடித் துறைக்கே நேராகச் சென்றது. அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். பயணிகள் அதில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால், மறுபடியும் ரயில்; அது கொழும்புக்குக் கொண்டு சேர்க்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், ரயில் என மூன்றையும் கடந்து கொழும்பு வரை செல்லலாம். போட் மெயில் என்ற பெயர் இவ்வாறு வந்தது. கப்பல் நின்றுபோய்ப் பல்லாண்டுகள் ஆகியும், இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டி ஒன்றை மக்கள் இன்றும் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். தனுஷ்கோடி அக்காலத்தில் சுங்க அலுவலகமும் அஞ்சலகமும் பள்ளியும் மாதா கோயிலும் ரயில்வே குடியிருப்புகளும் கொண்ட ஊராக விளங்கியது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. அப்போது செய்தித்தாட் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வெளியே வீசுவார்கள். அவற்றைப் பொறுக்கி வினியோகிக்கும் உறவினருக்குத் துணை செய்த சிறுவனே பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்கள். இதனைத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

ஆயினும் அத்துறையை மிகுதியாகக் கடந்தவர்கள் செய்தித்தாள் படிப்பவர்களோ முதல் வகுப்புப் பயணிகளோ அல்லர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதி ஏழை மக்களே அவர்கள். மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாட்கள் நிறுத்தி, நோய்ச் சோதனை செய்த பிறகே கப்பலேற்றினார்கள். அவர்கள் கையில் இருந்த டிக்கெட் காகிதத்தால் ஆனதன்று, தகரத்தால் ஆனது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகர வில்லை அது. அதைக் கயிற்றில் கோத்து உடம்பில் கட்டிக்கொள்வார்கள். ரயிலிலும் கப்பலிலும் அதைக் காட்டினால் போதும், காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். அதனைத் தொழிலாளியின் கடனிலேயே தோட்டத்தார் சேர்த்துக் கொள்வதும் உண்டு. எத்தனையோ வகை டிக்கெட்டுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆளின் பெயருமில்லாமல், போகும் ஊரின் பெயருமில்லாமல், வேலை வாங்குபவனின் எண்ணை மட்டும் சுமந்த டிக்கெட் வேறொன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இலங்கையைக் கடந்து வந்த கடும்புயல் அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. ஏழு மீட்டர் உயரத்திற்கு அலை எழுந்தது என்பர். அமைதிக்குப் பெயர் பெற்ற வடகடல் அன்றிரவு ஊருக்குள் புகுந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்னர்ப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணி வண்டி, ஆறு பெட்டிகளுடன் தனுஷ்கோடியை நெருங்கிக் கொண்டிருந்தது. நிலையத்திற்குச் சிறிது தொலைவில் சிக்னல் விளக்கு அவிந்திருந்தது என்றும், ஓட்டுநர் நெடுநேரம் ஊதல் கொடுத்துப் பார்த்துப் பதில் காணாமல் வண்டியை மெல்லச் செலுத்தினார் என்றும் கூறுவர். வண்டியைப் பேரலை மூடியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்வண்டிக்கு நேர்ந்த கதி வெளியுலகுக்கு உறுதியாகத் தெரிய இரண்டு நாட்களுக்கு மேலாயிற்று. தந்திக் கம்பியுமில்லை, பாதையுமில்லை, பாலமுமில்லை.

அந்த இரவைப் பற்றிப் பேசுவோர் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் பேசுவார்கள். அன்று இராமேசுவரத்தில் தங்கியிருந்த ஜெமினி கணேசன், சாவித்திரி தம்பதியர் தப்பிய கதையையும் தவறாமல் சொல்வார்கள். டிக்கெட் கணக்கு எழுதுகிறவனாகிய என் மனத்தில் தைத்தது வேறொரு செய்தி. வண்டியில் மாண்டவர்கள் 115 பேர் என்று பதிவு உள்ளது. 110 பயணிகள், 5 ரயில்வே சிப்பந்திகள். பயணிகளின் தொகை விற்ற டிக்கெட்டுகளைக் கொண்டு கணக்கிடப்பட்டதென்றும், டிக்கெட்டின்றி ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறு வரை இருக்கலாம் என்றும் சொல்லுகிறார்கள். அந்தக் குறுகிய தூரத்தில், அந்த நள்ளிரவில், மழையில் நனைந்து ஓடிவந்து பெட்டியில் ஒண்டிக்கொண்ட ஏழை எத்தனை பேரோ! நாள் முடிவில் கணக்கைச் சரிபார்த்துக் கோடு போடும்போது, எண்ணிக்கை சரியாக இருந்தால் எங்களுக்கு ஒரு நிம்மதி உண்டாகும். அந்த 110 என்ற எண் எவருக்கும் நிம்மதி தராத எண். ஊரிலும் கடலிலும் மாண்டவர்களையும், இலங்கைப் பகுதியில் மாண்டவர்களையும் சேர்த்தால் தொகை ஆயிரத்தெண்ணூறு வரை செல்லும் என்பர்.

பாம்பன் பாலத்தின் 126 இரும்புத் தூலங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. ஆறு திங்களில் பாலத்தைச் சீர்செய்யலாம் என்று ரயில்வே கருதியது. அவ்வேலையை ஏற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன் அவர்கள் 46 நாட்களில் முடித்தார். கடலில் வீழ்ந்த தூலங்களையே தேடியெடுத்துத் திரும்பவும் பொருத்தினார்கள். எங்கள் ரயில்வே குடும்பம் இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் செயல் அது. பாலம் மீண்டது, ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாதை மீளவில்லை. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது.

புயலுக்கு இரண்டு திங்களுக்கு முன், அதே 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள். தகர டிக்கெட்டோடு சென்றவர்களின் மக்களிலும் பேரர்களிலும் 5,25,000 பேரை இந்தியா திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பது அதன் முடிவு. போனவர்களின் துறையைக் கடல் கொண்டுவிட்டது. வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை அந்த வருகை தொடர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை நம் கர்நாடகத்திலேயே, தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர் வட்டங்களின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். நாம் இங்கே அலுவலுக்கோ வணிகத்துக்கோ வந்தவர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை என்பதே நம் பெரிய குறை. கண்டியில் பிறந்து, காணாத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லி இறக்கிவிடப்பட்டவர்களும் இதே மாநிலத்தில் தமிழ் பேசி வாழ்கிறார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். காக்ஸ் டவுனில் கூட எந்த வீட்டுப் பழைய பெட்டியிலாவது தலைமன்னார் முத்திரை குத்திய தாள் இருக்கக்கூடும். இருந்தால் பயணத்தின்போது கொண்டு வாருங்கள்; பிள்ளைகளுக்கு அங்கே காட்டுவோம்.

இன்று அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மாதா கோயிலின் கூரையற்ற பவளக்கற் சுவர்கள், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், அஞ்சலகத்தின் எச்சம் ஆகியவை இருக்கின்றன. முன்பு நான் சென்றபோது பாதையில்லை; மணலிலும் நீரிலும் உருண்டு செல்லும் வேனில் முதுகெலும்பு ஒடியப் போய்வந்தேன். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அன்றுமுதல் கூட்டத்துக்குக் குறைவில்லை. 'பேய் நகரம்' என்று ஒரு பெயர் சூட்டி, சுவரருகே நின்று படமெடுத்துக் கொண்டு திரும்புகிறார்கள். நம் செயற்குழுவிலும் பெரியவர் ஒருவர், 'செத்த ஊருக்குப் பெண்டு பிள்ளைகளை ஏன் அழைத்துச் செல்லவேண்டும்?' என்று வினவினார். அவர்பால் நான் பெருமதிப்பு உடையவன். ஆயினும் ஒன்றைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்ளுகிறேன்: அது செத்த ஊரன்று.

மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் வாழ்ந்து வருகின்றன. வாழத் தகாத இடம் என்று எழுதிய தாள் ஒருபுறமிருக்க, அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காலையில் சென்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். படகில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரு வரிசையாக நின்று இழுப்பார்கள். ஆணும் பெண்ணும் முதியவரும் சேர்ந்தே இழுப்பார்கள். நெடுநேர உழைப்பு அது. இரு வரிசைகளும் மெல்ல மெல்ல நெருங்கி வருகையில்தான் வலையின் மடி கண்ணுக்குப் புலப்படும். சில நாள் கூடை கூடையாக மீன்; சில நாள் ஒரு கூடைகூட நிரம்பாது. கிடைத்ததைப் பங்கிட்டுக் கொள்ளுகிறார்கள். சென்ற முறை என் மகன் கயிற்றைப் பிடித்துச் சிறிது நேரம் இழுத்தான். கை சிவந்துபோயிற்று. அங்கிருந்த பாட்டி ஒருவர், 'பங்கு வாங்காமப் போறியேப்பா' என்று சொல்லி இரண்டு மீனை எடுத்து நீட்டினார். அவ்வூரைப் பேய் நகரம் என்று சொல்வதற்கு அதன்பின் எனக்கு நா எழவில்லை.

குளிர்காலத்தில் சென்றால் பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசையாக நிற்பதைக் காணலாம். அப்பறவைகளுக்காகத் தமிழக அரசு 2025இல் தனுஷ்கோடியில் ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறது. நாம் செல்லும் கோடையில் அவற்றைக் காணும் வாய்ப்பு குறைவு. ஏமாற்றம் வேண்டாமென முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

பயண ஏற்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். மைசூர், தூத்துக்குடி விரைவு வண்டியில் பெங்களூரில் இரவு ஏறினால் காலையில் மதுரை. அங்கிருந்து இராமேசுவரத்துக்கு ரயில் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுக்கண் செங்குத்தாக மேலெழும். பேருந்தில் சென்றால் நேரம் மிச்சமாகலாம். இருந்தாலும் போகும்போதாவது ரயிலில் செல்லுமாறு வேண்டுகிறேன். ஜன்னலுக்கு இருபுறமும் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்தச் சில நிமிடங்கள் பிள்ளைகளுக்கு நெடுநாள் நினைவிலிருக்கும்.

அரிச்சல்முனையில் கடலில் இறங்கக் கூடாது. இரு கடலின் நீரோட்டங்கள் மோதுமிடம். மணல் காலடியில் நழுவும். முழங்கால் அளவுதானே என்று எவரும் நினைக்கவேண்டாம். சேது நீராட விரும்பும் பெரியோர் உள்ளூரார் காட்டும் இடத்தில் மட்டும் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். கடைகளில் பவளப்பாறைத் துண்டுகளைக் காட்டினால் வாங்காதீர்கள்; சட்டம் தடுத்த பொருள் அது. சங்கும் சோழியும் வாங்கலாம். குடிசைகளில் பெண்கள் சுடச்சுட மீன் வறுத்துத் தருகிறார்கள். சைவர்களுக்குத் தேநீர் உண்டு. தண்ணீரை நாமே கொண்டு செல்வோம். அவர்கள் குழியில் ஊறுவது அவர்களுக்கே காணாது. மாலை மங்குமுன் காவலர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பயண அட்டவணை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று செயலாளர் அவர்கள் சற்றுமுன் என்னிடம் கூறினார். ஆகவே இவ்வவையின் முன் என் வேண்டுகோளை வைக்கிறேன். இரண்டாம் நாள் காலை கோயில் தரிசனம் முடிந்ததும், மதுரையில் பொருள் வாங்குவதற்கென்று ஒதுக்கிய அரை நாளை எடுத்துத் தனுஷ்கோடிக்குக் கொடுங்கள். சேலை மதுரையில் என்றும் கிடைக்கும். கரைவலையைக் காண விரும்பும் குடும்பங்கள் மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்படவேண்டியிருக்கும். அவர்கள் இன்று உணவுக்குப் பின் என்னிடம் பெயர் கொடுத்தால், தனி வேனுக்கு நானே ஏற்பாடு செய்கிறேன்.